பதினெட்டு வில்லை

சித்திரை மாதம் மதியத்தில் அறந்தாங்கியில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி பத்து மணிக்கே சூடேறிவிடும். கை கழுவப் போகிறவன் கையை உதறிக்கொண்டுதான் திரும்பி வருவான். நீங்கள் இந்த ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றீர்கள், முத்துராமன் சார், அதனால் சொல்கிறேன். அந்தத் தொட்டியில்தான் எல்லாம் ஆரம்பம்.

நீங்கள் கேட்க வந்தது சின்ன சந்தேகம்தான். மலையில் இறந்துபோன கோபிநாத்தின் பையில் எரிபொருள் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்று அங்கிருந்து வந்த கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. விபத்து என்று எழுதி மூடுவதற்கு முன்னால், விவரம் தெரிந்த ஆளிடம் கேட்டுக்கொள்ள வந்திருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக லேப் அசிஸ்டென்ட். நிறுப்பதும் அளப்பதும்தான் என் பிழைப்பு. கோபிக்குக் கறம்பக்குடியில் செல்போன் கடை. ஆனால் மனசெல்லாம் மலையில். முதுகில் பை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் சுமையை எப்படிக் குறைக்கலாம் என்று யூடியூபில் பேசுவார். எடை குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷையே பாதியாக ஒடித்து எடுத்துப் போகிற மனுஷர். கேஸ் அடுப்பு கனம் என்பதால், கெட்டி எரிபொருளை வில்லையாக வைத்துக் கொளுத்தும் வில்லை அடுப்புக்கு மாறினார். அடுப்பு உள்ளங்கை அகலத் தகரம், மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். வில்லை பார்க்கச் சூடம் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஒன்று பதினான்கு கிராம். கொளுத்தினால் மீன் கவிச்சி அடிக்கும், பாத்திரத்தின் அடியில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டும். பக்கத்து வீட்டு செல்வராணி அக்காகூட ஒருநாள், "வேதக்காரவுங்க வீட்டு மாடியில யாருக்குத் தம்பி சூடம் கொளுத்துறீங்க?" என்று கேட்டுச் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என் வீட்டு மாடியில்தான் சோதனை. ஐந்து வருஷத்தில் பதினோரு அடுப்பு பார்த்தோம். அவர் கேமரா முன்னால் பேசுவார். நான் வில்லையை நிறுத்து, தண்ணீரை அளந்து, நேரம் பார்த்து நோட்டில் எழுதுவேன். பதினோரு அடுப்பிலும் ஒரே வில்லையில் அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? தொட்டியிலிருந்து பிடிக்கும்போதே தண்ணீர் நாற்பத்திரண்டு டிகிரி. பாதி வேலையை வெயிலே முடித்துவிட்டது. அதையும் நான் நோட்டில் எழுதியிருக்கிறேன். கோபிக்குக் கடைசி எண் மட்டும் போதும். "ஒரு வேளைக்கு ஒரு வில்லைங்க, அவ்வளவுதான்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் வீடியோ பார்க்கிறவர்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்தார். இருநூறு பேர் இருப்பார்கள். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மைக்கில், "இவருதாங்க நம்ம சுடுதண்ணி அண்ணன்" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிரியத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே மாதத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு மீன் மார்க்கெட்டில், பிறகு கோயில் வாசலில். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "கோபி, அந்தப் பேரு வேணாமே" என்றேன். "அட விடுங்கண்ணே, அந்தப் பேராலதான ஒங்கள நாலு பேருக்குத் தெரியுது" என்றார்.

போன ஆகஸ்டில் என் அம்மா சந்தனமேரி இறந்தார். இந்த ஊரில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த கை. வெளியூரிலிருந்து வந்த மாமா பஸ் விட்டு இறங்கி, டீக்கடையில் அம்மா பெயரைச் சொல்லி வீடு கேட்டிருக்கிறார். "ஓ, சுடுதண்ணி வீட்டுக் கேதமா? இங்கிட்டு நேரா போங்க" என்றிருக்கிறார்கள். அதை மாமா அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, சார். இன்றைக்கும் எரிகிறது. கல்லறையில் மண் போடும்போதுகூட அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது.

டிசம்பரில் கோபி இமாசலத்தில் ஒரு கணவாயைத் தனியாகக் கடக்கப் போவதாகச் சொன்னார். ஆறு நாள் நடை. என்னிடம் தராசு இருப்பதால் எப்போதும் இங்கேதான் பை கட்டுவார். இதோ, இந்த மேசையில்தான் எல்லாவற்றையும் பரப்பினார். நாளுக்கு மூன்று வேளை என்று பதினெட்டு வில்லை தனியாக, அது போக இருபத்துநாலு வில்லை உள்ள ஒரு பாக்கெட்.

"அண்ணே, மேல போனா ஓடையெல்லாம் ஒறஞ்சு கெடக்குமாம். பனிய உருக்கித்தான் குடிக்கணும். ஐஸ வச்சு ஒரு தடவ கொதிக்க வச்சுப் பாத்துருவமா?" என்றார்.

"பதினோரு அடுப்பு பாத்தாச்சு கோபி. ஒரு வேளைக்கு ஒரு வில்லை. நீங்களே சொன்னதுதான" என்றேன். பாக்கெட்டைத் தராசில் வைத்தேன். "முந்நூத்தி முப்பத்தாறு கிராம். பிரஷ்ஷ ஒடிச்சுட்டு வந்த ஆளு, இதச் சொமக்கப் போறீங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "நீங்க சொன்னாச் சரிண்ணே."

அந்தப் பாக்கெட் அதோ அலமாரியில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். நாலாம் நாள் பனி கொட்டி வழி அடைத்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள்தான் கூடாரத்தைக் கண்டுபிடித்தார்கள். போன வாரம் அவர் மனைவி சத்யபிரியா கூடாரத்தில் கிடைத்த அவருடைய செல்போனை எடுத்துக்கொண்டு இங்கே வந்தது. "அவரு என்ன தப்பு பண்ணாருன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று அழுதது. அதில் ஒரு வீடியோ இருந்தது. உதடெல்லாம் வெடித்து, உள்ளங்கையில் ஒரு வில்லையை வைத்துக்கொண்டு கோபி பேசுகிறார். "நிலவழகன் அண்ணே, இதுதான் கடைசி. ஒங்க கணக்குத் தப்பாது. நான்தான் எங்கயோ தப்பாக் கொளுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

என் பெயரை அவர் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண்ணின் எதிரில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் சொன்னது சரி, கணக்குத் தப்பவில்லை. அவர் பை கட்ட வருவதற்கு முந்தின சனிக்கிழமை, மீன் மார்க்கெட்டில் ஆண்டிச்சாமியிடம் பாறை ஐஸ் வாங்கி வந்தேன். உடைத்து, அரை லிட்டர் தண்ணீர் தேறும் அளவு பாத்திரத்தில் போட்டு, மாடியில் வைத்துக் கொளுத்தினேன். கொதிக்க மூன்று வில்லை ஆனது. நம் ஊர் வெக்கையிலேயே மூன்று. அங்கே காற்றிலும் குளிரிலும் நாலுக்குக் குறையாது. முதல் மூன்று நாள் கீழே ஓடையில் தண்ணீர் கிடைக்கும், ஒப்பேற்றிவிடலாம். மேலே ஏறிய பிறகு மிச்சம் ஒன்பது வில்லை, சிக்கனமாகக் கொளுத்தினாலும் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். எல்லாம் நோட்டில் அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது, தேதியோடு. அடியில் 'ஐந்தாம் நாள் காலை தீரும்' என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். வீடியோவில் இருக்கும் தேதியைப் பாருங்கள், ஐந்தாம் நாள் காலைதான்.

தொண்டை காய்ந்து, வழியில் யாராவது தூக்கிவர, ஊர் திரும்பி, என் கணக்கை முழுதாக வாசிக்காதது தப்பு என்று கேமராவில் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் ஞாபகம். தனியாகப் போகிறவரை யார் தூக்கிவருவார்கள் என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். என் நோட்டில் பொய் கிடையாது, வாக்குமூலத்தில் மட்டும் எதற்கு?

வீடியோவின் முடிவில் அவர் அந்த வில்லையைக் கொளுத்துகிறார். சத்யபிரியா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டது. நான் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். ஒன்பது நிமிஷம் இருபது நொடி எரிந்தது, பனி பாதிகூட உருகவில்லை. நான் பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறேன்.

இந்தாருங்கள் நோட்டு. நோட்டைக் காட்டுங்கள் என்று கோபி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அவரிடம் காட்டியிருப்பேன்.