வெட்ட மறுத்த வரி

முப்பத்துநான்கு ஆண்டுகள் எமது பாடசாலையின் எழுதுவினைஞராகக் கடமையாற்றி, பதிவேட்டுக்கும் பேனைக்கும் பெருமை சேர்த்து ஓய்வுபெறும் மருதமுனை ஜனாப் மீராமுகைதீன் அவர்களுக்கு ஆசிரியர் குழாம் மனமுவந்து வாசித்தளிக்கும் மடல்.

இத்தகைய மடல்களில் "பணிவின் சிகரமே" என்று விளிப்பது வழக்கம். அவர் பணிந்தவரல்லர். ஆகவே அப்படி விளிக்கவில்லை.

அவருடைய நேரந்தவறாமையையும் பிழையற்ற கையெழுத்தையும் எல்லாரும் அறிவர். அவர் இலத்தீன் கற்ற கதை சிலருக்கே தெரியும்.

1994இல் ஆசிரியர் பவிதரனின் மனைவி காலமானார். அதன் பிறகு இரண்டு மாதம் பவிதரன் பாடசாலையில் எவரோடும் பேசவில்லை. மட்டக்களப்பில் படித்த நாளில் ஒரு பாதிரியாரிடம் கற்ற இலத்தீன் பாடநூல் அவருடைய மேசையில் கிடந்தது. ஒருநாள் மீராமுகைதீன் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார்.

"இத எனக்குப் படிப்பிச்சுத் தாங்க, தம்பி."

"என்னத்துக்கு?"

"சும்மாதான்."

ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று முதல் பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. இலத்தீனில் வேற்றுமை ஆறுதான் என்று கேட்டதும் முகம் சுளித்தார்: "நமக்கு எட்டு. ரெண்ட எங்க விட்டானுகள்?"

அண்ணன் முறையில் காக்கா என்றழைத்தே கணித ஆசிரியர் மசூர் கேலி செய்தார்: "காக்கா, அம்பத்தெட்டு வயசில பாதிரியாகப் போறீங்களா?"

"முப்பது வருசமா மத்தவனுக்குக் கடிதம் எழுதினன். இப்ப எனக்கு எழுதுறன். உங்களுக்கு எங்க நோகுது?"

இலத்தீன் சொற்களை அவர் தமிழ் எழுத்திலேயே எழுதினார். ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் தலையிலும் வேற்றுமை எண்ணைப் போட்டார். பக்கத்தில் தமிழ்ப் பொருள். பதினொரு மாதத்தில் ஒரு கொப்பி நிறைந்தது.

அந்தக் கொப்பியோடு வேலைக்கு வரும் வழியில் ஒரு காலை படையினரின் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். மொழிபெயர்ப்பாளர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: "மீலிதேஸ் ஒப்பிதும் ஒப்புக்னாந்து." சொற்களின் மேல் ஒன்று, இரண்டு என எண்கள். சங்கேதம் என்றே நினைத்தார்.

"எழுத்து தமிழ். ஒண்டும் விளங்கல்ல. என்ன பாஷை?"

"இலத்தீன்."

"எந்த ஊரில கதைக்கிற?"

"இப்ப ஒரு ஊரிலயும் இல்ல."

"ஒருத்தரும் கதைக்காத பாஷையில ஆருக்கு எழுதுறீங்க?"

"எனக்குத்தான்."

பக்கத்திலிருந்த தமிழைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பாளரின் குரல் மாறியது: படைவீரர் நகரைத் தாக்குகின்றனர். பாடநூலின் மூன்றாம் பயிற்சி அது. மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள். இறுதியில் அதிகாரி இறங்கி வந்தார். அந்த வரியை வெட்டினால் கொப்பியோடு போகலாம் என்றார்.

"வசனத்தில பிழை இருந்தா வெட்டுவன். பிழை இல்ல" என்றார் மீராமுகைதீன்.

கொப்பி அங்கேயே போயிற்று. பதினொரு மாத உழைப்பைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு, அன்று பிற்பகல் வேலைக்கு வந்து கையொப்பமிட்டார்.

மறுநாள் புதுக் கொப்பி. நாங்கள் கெஞ்சினோம். "காக்கா, உழவன் வயலை உழுகிறான் எண்டு எழுதினாப் போதாதா?"

"அதையும் எழுதுவன். ரெண்டாவதா."

முதல் வரி அதே படைவீரர்தான். தினமும் அந்தச் சாவடியைக் கடந்துதான் வர வேண்டும். கொப்பியைப் பைக்குள் ஒளிக்காமல் சைக்கிள் கரியரில் மேலாக வைத்துக் கட்டினார். ஒரு வாரத்தின் பின் அதே மொழிபெயர்ப்பாளர் மறித்துத் திறந்தார்.

"இது வேற கொப்பியா?"

"ஓம். வசனம் அதுதான்."

அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூடிக் கொடுத்தார்.

"போங்க, காக்கா."

பவிதரன் இப்போது பேசுகிறார். மசூரும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். கேலியை மட்டும் விடவில்லை.

இலத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து வகை. மீராமுகைதீன் மூன்றை முடித்திருக்கிறார். மீதி இரண்டுக்கும், அவற்றுக்குப் பின் கடல்போலக் கிடக்கும் வினைச்சொற்களுக்கும் வேண்டிய ஆயுளையும் கண்பார்வையையும் வல்ல இறைவன் அவருக்கு அருள்வானாக. எழுதுவினைஞர் பதவிக்குத்தான் இன்று ஓய்வு. மாணவருக்கு ஓய்வு வழங்க எந்தத் திணைக்களத்துக்கும் அதிகாரமில்லை. திங்கட்கிழமை வகுப்பு உண்டு.

ஆசிரியர் குழாமும் ஊழியர்களும்
கல்முனை, 1996