கம்ஷாத்தின் ஜோடி

தேநீரில் நீங்கள் பாலை முதலில் ஊற்றியதைக் கவனித்தேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் ஊற்றுவாள். விளையாட்டு விடுதியில் பாலைக் கடைசியில் ஊற்றுவார்கள். நிறம் மாறும், ருசி வராது. நன்றி. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சிரமம் இருக்காது.

என் பெயர் அஸ்கத். கரகண்டா நகரத்துப் பனி அரங்கத்தில் ஜோடி ஸ்கேட்டிங் ஆடியவன். ஜோடி என்றால் ஒரு பெண், ஒரு ஆண். மக்கள் பார்ப்பது பெண்ணைத்தான். அவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சறுக்குபவன் கூடாரத்தின் நடுக்கம்பு மாதிரி, சாய்ந்தால்தான் ஞாபகம் வரும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

கம்ஷாத் என்னோடு ஆட வந்தபோது பள்ளிக்கூடச் சிறுமி. நான் மீசை அரும்பிய பையன். அம்மா அதற்குள் இறந்துவிட்டாள், விடுதிக்கு என்னைப் பார்க்க யாரும் வருவதில்லை. எங்கள் பயிற்சியாளர் லரிஸா கென்ரிஹோவ்னா அவள் கையைப் பிடித்து என் கையில் வைத்து, இனி இவள் கீழே விழுந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்றார். அன்றிலிருந்து அவளுடைய ஸ்கேட் கயிற்றை நான்தான் இழுத்துக் கட்டுவேன். இறுக்கிக் கட்டுகிறேன் என்று சிணுங்குவாள், ஆனால் வேறு யாரிடமும் காலை நீட்ட மாட்டாள்.

தயவுசெய்து இதைக் காதல் என்று எழுதிவிடாதீர்கள். அவளுக்கு ஹாக்கி ஆடும் பையன் ஒருவனைப் பிடித்திருந்தது. அவனுக்கு அவள் கொடுத்த பிறந்தநாள் பரிசை வாங்கி வந்ததே நான்தான். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவு பெரிதல்ல. காலையில் நான் அரங்கத்துக்குள் நுழையும்போது அவள் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்த ஒரு நாளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவே இல்லை. சந்தைக்குப் போய் எதுவும் வாங்காமல் திரும்புவேன். அறையில் கையை உயர்த்திக்கொண்டு நின்று பார்ப்பேன். வெறுங்கை கனக்கும் என்றால் சிரிப்பீர்கள். எனக்குக் கனத்தது. பொறுக்க முடியாத தனிமை அது, அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. தலைக்கு மேல் இருப்பவளுக்குக் கூரை விளக்குதான் தெரியும். தூக்கியிருப்பவனுக்குப் பனித்தரைதான் தெரியும். எப்போது இறங்குவது என்று முகம் பார்த்து முடிவுசெய்ய வழியில்லை. அதனால் ஒரு சொல் வைத்துக்கொள்வோம். எங்கள் சொல் ‘கெல்’. கசாக்கில் ‘வா’ என்று அர்த்தம், கைக்குழந்தையைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம். நான் கெல் என்றால் அவள் என் கையை விட்டுவிட்டு இடுப்பை வளைப்பாள். அதற்குள் என் தோள் அவளுக்கு அடியில் வந்திருக்கும். அவள் யோசிக்க மாட்டாள். யோசித்தால் தாமதமாகும். அந்தச் சொல் அவள் காதில் விழுந்ததும் விரல் தானே திறந்துவிடும். இசைச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்காது.

போன குளிர்காலம் தேசியப் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன், ஸ்கேட் வாடகைக்குக் கொடுக்கும் ஸீனா என்னைக் கேலி செய்தாள்.

“என்னப்பா, உன் ஜோடி பீட்டர்ஸ்பர்க்குக்கு மூட்டை கட்டுறாளாமே. இனிமே என்னைத்தான் தூக்கணும். முதுகு தாங்குமா?”

பீட்டர்ஸ்பர்க்கில் ஜோடியில்லாமல் இருந்த உயரமான பையன் ஒருவன் கேட்டிருக்கிறான், கம்ஷாத் சரியென்று சொல்லியிருக்கிறாள். பயிற்சியாளருக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும், ஸீனாவுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் போட்டி முடிந்ததும் சொல்வதாக இருந்தார்களாம். மனசு உடைந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று. அவ்வளவு கரிசனம்.

ஸ்கேட் கட்டும்போது அவளிடமே கேட்டேன்.

“போறியாமே.”

நீட்டிய காலை இழுத்துக்கொண்டாள். பிறகு, “எத்தனை வருஷம்ண்ணா கடைசிக்கு முன்னாடி எடத்துக்கே ஆடிக்கிட்டிருக்கறது? உனக்கும் முட்டி வலிக்குதுன்னு நீயே சொல்ற” என்றாள்.

“வலிக்குதுன்னு சொன்னேன். முடியலன்னு சொல்லல.”

“கோவமா?”

“இல்ல. அந்தக் காலை நீட்டு.”

கோபம் இல்லை என்றது உண்மை. கோபத்தில் செய்ததாக நீங்கள் எழுதினால் தண்டனை குறையலாம், ஆனால் அது சரியாக இருக்காது. நான் அமைதியாக யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு அவளைத் தெரியாது. இடது தோளில் அவளுக்குப் பழைய சுளுக்கு இருப்பது தெரியாது. பயந்தால் சிரிப்பாள் என்பது தெரியாது. யார் கையிலோ அவள் எங்கேயோ விழுவதைவிட, என் கண்ணெதிரே விழுந்தால் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

போட்டியன்று கடைசித் தூக்கலில், இசை உரத்து எழும் இடத்தில், கெல் என்றேன். வழக்கத்துக்கு முன்னதாகவே சொன்னேன். தோளை அங்கே கொண்டுபோகவில்லை. அவள் கையை விட்டாள். கூப்பிட்டால் வருகிற பெண் அவள். அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூரம் போக முடிவெடுத்தவள், இன்னும் என் சொல்லைத்தான் கேட்டாள்.

இடுப்பெலும்பு நொறுங்கியது, தலையிலும் அடி. ஸ்கேட்டிங் கூட்டமைப்பு விசாரித்தபோது கையை விட்டது யார் என்று கேட்டார்கள். அவள்தான் என்றேன். போட்டியின் வீடியோவிலும் அப்படித்தான் இருந்தது. மனசு பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தால் கை எப்படி இங்கே நிற்கும் என்று ஊரே பேசியது. ஊர் வாயை மூட நான் யார்? கம்ஷாத்துக்கு அந்த நாளே நினைவில் இல்லை, அதனால் அவளும் நம்பினாள். கண் விழித்துப் பேச்சு வந்ததும் என்னிடம், “நாந்தான் கையை விட்டுட்டேனாம். உன் ஆட்டமும் போச்சே. மன்னிச்சிருண்ணா” என்றாள்.

மன்னித்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். பீட்டர்ஸ்பர்க் பையன் வேறு பெண்ணைத் தேடிக்கொண்டான். ஹாக்கிப் பையன் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து, அப்புறம் தலைகாட்டவில்லை. நான் மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், ஆட்டுக்கறிச் சாற்றை ஆற்றிக் கொடுப்பேன், கழிப்பறைக் கதவுக்கு வெளியே நிற்பேன். ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் போக ஒரு வீடு இருந்தது. அவள் அம்மா உள்ளங்கைகளை விரித்து என்னை ஆசீர்வதிக்காத நாள் இல்லை.

இந்த வசந்தத்தில் கம்ஷாத்தின் அண்ணன் குழந்தை நடக்கத் தொடங்கியது. குழந்தையின் கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, நல்ல மனிதர் ஒருவரை விட்டு அறுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். அறுத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அந்தக் குடும்பம் என்னைத்தான் கூப்பிட்டது. கத்தி குழந்தையின் தோலில் படாமல் கவனமாக அறுத்தேன். எல்லோரும் மிட்டாயை வாரி இறைத்தார்கள். அப்போது கம்ஷாத் கைத்தடியை ஊன்றித் தானாக எழுந்து நின்றாள். என்னிடம்கூடக் காட்டாமல் பழகியிருக்கிறாள்.

“அல்மாத்தில சின்னப் பசங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரக் கூப்பிட்டிருக்காங்கண்ணா. உனக்கும் விடுதலை. ஒரு பொண்ணப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்க.”

நான் யாரிடமும் விடுதலை கேட்கவில்லை. ஆனாலும் அவளை வாழ்த்தினேன். கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிவிடும்போது அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் நல்லெண்ணத்துக்கு அதைச் சாட்சியாகக் குறித்துக்கொள்ளலாம்.

போனவள் முதலில் தினமும் போனில் பேசினாள். பிறகு பண்டிகைக்குப் பேசினாள். இப்போது நான் கூப்பிட்டால் பின்னால் குழந்தைகளின் சிரிப்புச் சத்தம் கேட்கும், அப்புறம் பேசுகிறேன் என்பாள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை என்பது உங்களுக்கே தெரியும். நானாக வந்தேன். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்னதெல்லாம் நான் தெரிந்தே செய்தது, யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றீர்கள், ஒரு நாளில் முடியாது என்றும் சொன்னீர்கள். குளிர் வந்துவிட்டால் அவளுக்கு இடுப்பு வலிக்கும், ரயிலில் கீழ்ப்படுக்கையாகப் பார்த்து ஏற்பாடு செய்யுங்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றால் அவள் உட்காரும் இடம் நன்றாகத் தெரியும் அல்லவா?