நான்கு ஓசைகளைக் காணவில்லை

ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை. மாலை ஆறு மணி முப்பத்திரண்டு நிமிடம். இந்த அரங்கில் இருநூற்றுப் பதினேழு பேர் அமர்ந்திருக்கிறீர்கள். எண்ணிவிட்டுத்தான் மேடையேறினேன். எண்ணுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. ஏன் இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அவையின் ஆரவாரத்தை ஒற்றைப் பார்வையில் அடக்கும் ஆற்றல் வாய்ந்த தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே! இசையும் இயந்திரமும் இணைந்த இப்படியொரு படிப்பு இந்தக் கல்லூரியில் இருந்தே தீரவேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று வாதாடிய துறைத்தலைவர் அம்மா அவர்களே! முன்வரிசையில், மூடி கழற்றாத பேனாவோடும் மூடாத கண்களோடும் வீற்றிருக்கும் புறத்தேர்வாளர் ஐயா அவர்களே! கடையடைத்து வந்த தந்தையரே! கைவேலையைப் பாதியில் நிறுத்தி வந்த தாய்மாரே! "பாட்டு எப்போ, பாட்டு எப்போ" என்று பொறுமை இழந்து, என் பொறுமையையும் இழக்கவைத்துக்கொண்டிருக்கும் பொடிசுகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. மூன்று ஆண்டுகளாக இந்த மைக்கின் மறுமுனையில், கூடத்தின் கடைக்கோடியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் நின்றவன். பேசுகிறவர்கள் பேசி முடித்ததும் மைக்கை அணைப்பது என் வேலை. சிலர் முடிப்பதற்கு முன்பே மைக் தானாக அணைந்ததும் உண்டு. முதல்வர் ஐயா என்னைப் பார்க்கிறார். அது கேபிள் கோளாறு ஐயா.

அப்படிப்பட்டவனை ஏன் மேடையேற்றினார்கள்? எங்கள் வகுப்பின் ஒன்பது பேரில், இந்த நிமிடம் கையில் வேலை இல்லாதவன் நான் ஒருவன்தான். "நீ போய்ப் பேசுடா. மிக்ஸர் மேசையில பச்சை லைட் எரியற வரைக்கும் நிறுத்தாதே. எதைப் பத்தி வேணாலும் பேசு, இதைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு இதைத் தவிர வேறெதுவும் பேச வராது. ஆகவே இதையே பேசுகிறேன்.

எங்கள் இறுதித் தேர்வு காகிதத்தில் எழுதுவதல்ல. ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு பாடலை உருவாக்கி, உங்கள் கண்முன்னே, இந்த மேடையில் இசைக்க வேண்டும். அது ஏழு மணிக்குள் தொடங்கவும் வேண்டும். தொடங்காவிட்டால் ஒன்பது பெயருக்கு நேரேயும் "தேர்வுக்கு வரவில்லை" என்று எழுதுவார்கள். வந்திருந்தும் வராதவர்கள் ஆவோம். விதி அதுதானே புறத்தேர்வாளர் ஐயா? தலையசைக்கிறார். நன்றி.

அந்தப் பாடலில் நான்கு ஓசைகளைக் காணவில்லை.

ஓசை எப்படிக் காணாமல் போகும்? ஓசை என்ன, வாசலில் கழற்றிவிட்ட செருப்பா? ஓசை என்ன, பேருந்தில் மறந்துவிட்ட குடையா? சொல்கிறேன். கணினியில் பாடல் ஒரு கோப்பு. அதில் ஒலிக்கும் ஓசைகள் வேறு கோப்புகள். பாடலின் கோப்புக்குள் ஓசை இருக்காது. எந்த நொடியில் எந்த ஓசை வர வேண்டும், அது எந்த ஃபோல்டரில் என்ன பெயரில் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். நேற்று கல்லூரி ஸ்டுடியோவின் கணினியிலிருந்து மேடைக் கணினிக்குப் பாடலைப் பென்டிரைவில் கொண்டுவந்தோம். விலாசம் வந்தது, வீட்டுக்காரர்கள் வரவில்லை! இன்று ஆறு மணிக்குத் திறந்து பார்த்தால், திரையில் வரிசையாகச் சிவப்பு எழுத்து. காணவில்லை, காணவில்லை, காணவில்லை, காணவில்லை.

பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தவளை நாங்கள் மீட்டர் என்று அழைப்போம். ஒலியளவு காட்டும் மீட்டர் சிவப்பைத் தொட்டால் இவள் முகமும் சிவந்துவிடும். எங்கள் ஒன்பது பேரில் கூர்மையான காது அவளுடையது. அடுத்த மாதம் முதல் தேதி ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டியவள். தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது திரைக்குப் பின்னால் கேபிள் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் என் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். "எல்லாரையும் நான்தான் கவுத்துட்டேன்" என்று ஒரே வரியை, ஒரே சுருதியில், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாம் வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். அவளுடைய தாய்மாமா, முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, அங்கே மைக் இல்லை. நானே திருப்பிச் சொல்கிறேன். "ஏன்யா, பொண்ணு உள்ள ஒடஞ்சு போய் உக்காந்திருக்கு. நீ அவ பேரை மைக்கு போட்டு ஊருக்கே சொல்றியே, நீ என்ன கூட்டாளி?" என்கிறார்.

நியாயமான கேள்வி மாமா. நான் சொல்லாவிட்டால் நாளை இதையே காதோடு காதாகச் சொல்வார்கள். சொல்லச் சொல்லப் பெரிதாகும். அதனால் உரக்கச் சொல்கிறேன், இதையும் சேர்த்தே உரக்கச் சொல்கிறேன்: இந்தப் படிப்புப் படித்தவரில் இந்தத் தவறைச் செய்யாதவர் யார்? துறைத்தலைவர் அம்மா, நீங்கள் செய்ததில்லையா? கையைத் தூக்குகிறார்கள்! இரண்டு கையையும் தூக்குகிறார்கள்! புறத்தேர்வாளர் ஐயா, நீங்கள்? பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதில் வந்துவிட்டது. உட்காருங்கள் மாமா.

பச்சை விளக்கு? இல்லை. மணி ஆறு நாற்பது.

அந்த நான்கு ஓசைகளும் அழிந்துவிடவில்லை. ஸ்டுடியோவில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்டுடியோ பூட்டியிருக்கிறது. சாவி லேப் உதவியாளரிடம். அவரோ பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்தபடி, போனை எடுக்க முடியாத நிலையில் சாய்ந்திருக்கிறார். எங்கள் டிரம்மர் நெட்டை சாவிக்காக பைக்கில் பறந்திருக்கிறான். சாவி வரவேண்டும், சாவியோடு டிரம்மரும் திரும்பி வரவேண்டும்.

என்ன ஓசைகள் அவை என்று முன்வரிசை அம்மா கேட்கிறார்கள். கேளுங்கள் அம்மா, நன்றாகக் கேளுங்கள், எனக்கு நேரம் போக வேண்டும்.

எங்கள் பாடலின் தாளத்தைக் கடையில் வாங்கவில்லை, இணையத்தில் இறக்கவில்லை. எங்கள் வீடுகளில் எடுத்தோம். எங்களில் ஒருவனின் அத்தை ஓட்டும் தையல் மெஷின். மீட்டருடைய மாமாவின் கத்தரிக்கோல். நெட்டையின் அம்மா, பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், அவர் ஊதும் விசில். நான்காவது, என் அப்பாவின் டேப்.

என் அப்பா தச்சர். இரும்பு டேப்பை இழுத்து, அளந்து, விரலை எடுப்பார். சர்ர்ரென்று உள்ளே ஓடி, டக் என்று நிற்கும். அந்த "டக்" எங்கள் பாடலின் முதுகெலும்பு. அதைப் பதிவு செய்ய அப்பாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். சுற்றிலும் பஞ்சு ஒட்டிய சுவரைத் தடவிப் பார்த்தார். "ஏன்டா, இதுக்கா மூணு வருஷம்?" என்றார். பிறகு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டார். கழற்றினார். கையிலிருந்த டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் டேப்பாடா இவ்ளோ பெருசு?" என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "பையன் காலேஜ்ல மைக்செட் படிக்கிறான்" என்கிறார். நானும் திருத்துவதில்லை.

மைக்செட்தான் படிக்கிறேன்! கத்துகிறவனை அடக்கவும் முணுமுணுப்பவளைக் கேட்கவைக்கவும் படிக்கிறேன். ஒரு குரல் எங்கே முடிகிறது, ஓர் அறை எங்கே தொடங்குகிறது என்று படிக்கிறேன். "வேலை கிடைக்குமா" என்று வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்கிறீர்கள். கிடைக்குமா? தெரியாது. தினமும் காலையில் பல் துலக்கும்போது அந்தக் கேள்வியும் கண்ணாடியில் நிற்கிறது. தெரிந்ததுபோல நடிக்க எனக்கு வராது. ஆனால் ஒருத்திக்குக் கிடைத்துவிட்டது. அவள்தான் கேபிள் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நிமிடம். திரையோரத்திலிருந்து ஏதோ சொல்கிறார்கள்.

நல்ல செய்தி! நெட்டை வந்துவிட்டான். சாவி வந்துவிட்டது. ஸ்டுடியோ திறந்துவிட்டது. கைதட்டாதீர்கள், இன்னும் முடிக்கவில்லை. கெட்ட செய்தி: ஸ்டுடியோ கணினியைப் போட்டதும் அது "அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்" என்கிறதாம். முப்பத்தொரு சதவீதம். பத்து நிமிடமாக... மன்னிக்கவும், இரண்டு நிமிடமாக முப்பத்தொன்றிலேயே நிற்கிறதாம். எனக்குத்தான் பத்தாகத் தெரிகிறது.

சத்தம் வேண்டாம். தயவுசெய்து. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னால் ஒன்றும் கேட்காது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்கிற அண்ணா, அதைச் செய்தால் உள்ளதும் போகும். "ரேடியோ போடு" என்கிற பெரியப்பா, இது தேர்வு. அமைதி! கொஞ்சம் அமை...

யார் அது? யார் இப்போது விசில் ஊதியது?

நான்காம் வரிசை. நெட்டையின் அம்மா. "நீ கத்தினா அடங்க மாட்டாங்கப்பா, அதான் ஊதினேன்" என்கிறார்கள். டீச்சரம்மா... இருங்கள். மறுபடி ஊதிவிடாதீர்கள். கழுத்திலிருந்து கழற்றவும் வேண்டாம்.

அவையோரே, கேளுங்கள். அந்த விசில்தான் காணாமல் போன ஓசை! அது பூட்டிய அறையில் இல்லை, நான்காம் வரிசையில் டீச்சரம்மாவின் கழுத்தில் தொங்குகிறது! நாற்பது நிமிடமாகச் சாவியைத் தேடினோம், கணினியைத் திட்டினோம், பல் டாக்டரையும் விடவில்லை. விலாசத்துக்குரியவர்கள் எல்லாரும் டிக்கெட் கிழித்து, வரிசையாக, நமக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்!

மாமா! கத்தரிக்கோல்? "கடையிலேர்ந்து நேரா வரேன், சட்டைப்பையிலதான் இருக்கு" என்கிறார். அப்பா! டேப்? "இடுப்புல இல்லாம எங்கடா போகும்?" அத்தை, உங்களைக் கேட்டுப் பயனில்லை, மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டீர்கள். என்ன? இதையும் சொல்கிறேன், எல்லாரும் கேட்க வேண்டும். "முப்பது வருஷமா காதுல ஓடற சத்தம்டா, வாயாலயே ஓட்டிக் காட்டறேன்" என்கிறார்கள்!

இங்கேயே, இப்போதே பதிவு செய்ய முடியும். ஒவ்வொன்றும் ஒரு நொடி ஓசைதான். அதே பெயரில், அதே ஃபோல்டரில் போட்டால் போதும். பாடல் தன் வீட்டுக்காரர்களைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். புறத்தேர்வாளர் ஐயா, ஓசையை எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று விதியில் இருக்கிறதா? பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். அது நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதும்.

ஆனால் ஸ்டுடியோவில் பஞ்சுச் சுவர் இருந்தது. இங்கே இருநூற்றுப் பதினேழு மூச்சு இருக்கிறது. ஒரு இருமல் போதும், பாழாகும். ஒரு நாற்காலி கிறீச்சிட்டால் போதும், பாழாகும். மறுமுறை எடுக்க நேரம் இல்லை. மேடையேறியவர்கள் எல்லாரும் உங்களிடம் என்ன கேட்டார்கள்? கைதட்டல் கேட்டார்கள், ஆரவாரம் கேட்டார்கள். நான் அமைதி கேட்கிறேன். பெரியவர்களே, உங்கள் அமைதியைக் கேட்கிறேன். தாய்மாரே, மடியிலிருக்கும் பிள்ளைகளின் அமைதியையும் சேர்த்துக் கேட்கிறேன். ஒன்பது பேருடைய மூன்று ஆண்டுகளுக்காக, திரைக்குப் பின்னால் இருப்பவளுடைய முதல் தேதிக்காக, உங்கள் வாழ்நாளில் யாருக்கும் தராத அமைதியை எங்களுக்குத் தாருங்கள்!

மீட்டர்! பெட்டியை விட்டு எழுந்து வா. ரெக்கார்ட் பட்டனை வேறு யாரும் தொட மாட்டாங்க. நறுக்க வேண்டிய இடம் உன் காதுக்குத்தான் தெரியும். வா சீக்கிரம்.

மணி ஆறு நாற்பத்தொன்பது. இனி நான் செய்யப்போவது:

1. இந்த மைக்கைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கி, மூன்றாம் வரிசையில் என் அப்பாவிடம் போவேன். டேப் ஒரு முறை. வழியில் காலை நீட்டியிருப்பவர்கள் மடக்கிக்கொள்ளுங்கள், பின்னால் கேபிள் வரும்.

2. டீச்சரம்மாவிடம் ஓர் ஊதல். மைக்கை ஒரு கை தள்ளித்தான் பிடிப்பேன், தயங்காமல் ஊதுங்கள்.

3. மாமாவிடம் மூன்று வெட்டு. வெறுங்காற்றை வெட்டினால் போதும். பக்கத்து இருக்கைக்காரர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

4. அத்தையின் வாய்மெஷின். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

5. மீட்டர் நறுக்கி, பெயரிட்டு, சேமிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். பச்சை விளக்கையும் பார்க்க மாட்டேன்.

6. ஏழு மணிக்குள் பாடலைத் தொடங்குவோம். தொடங்க முடியாமல் போனால் ஒன்பது பேரும் இந்த மேடையில் வரிசையாக நின்று, "நாங்கள் வந்திருந்தோம்" என்று சொல்வோம். ஒருத்தியை முன்னால் தள்ளிவிட்டு யாரும் பின்னால் நழுவ மாட்டோம்.

7. நன்றி சொல்ல அப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோ. ஆகவே தலைவருக்கும், பொறுமையாக இருந்த அனைவருக்கும், பொறுமை இல்லாமல் விசில் ஊதிய ஒருவருக்கும் இப்போதே நன்றி. வணக்கம். ஸ்பீக்கரை அணைக்கிறோம். யாரும் அசைய வேண்டாம். மீட்டர், ரெடியா? அப்பா, டேப்பை இழுங்க. இன்னும் கொஞ்சம். போதும். நான் கையைக் காட்டினதும் விடுங்க.