மை நிரப்பும் ஊசி

பேனா கழுவ வெந்நீர் ஆகாது. பழைய பேனாக்களின் உடம்பு வெந்நீர் பட்டால் கோணிக்கொள்ளும், கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். பச்சைத் தண்ணீர் போதும், பொறுமைதான் வேண்டும். என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்து வந்திருக்கும் பேனாக்களை யாராவது கழுவுவதாக இருந்தால் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

நீங்கள் கேட்டது என் மனைவி மாணிக்கம்மாள் எப்படி இறந்தாள் என்பதை. கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதைப் பேனாவிலிருந்துதான் சொல்ல முடியும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நான் கெட்டவன் போலத் தெரிவேன்.

என் பெயர் குணசீலன். நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு இங்கே மலைமேல், ஜமுனாமரத்தூரில், சந்தைக்கு மேல்புறம், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். குளிர்ச்சிக்காக வந்தோம் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் தண்ணீருக்காகத்தான் வந்தேன். கணியம்பாடியில், அவள் பிறந்த ஊரில், கிணற்றுத் தண்ணீர் நிப்பின் மேல் உப்பாகப் படிந்துவிடும். மலைத் தண்ணீர் அப்படியல்ல. போகலாமா என்று அவளைக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

எல்லாருக்கும் தெரிந்தது கழுத்தைத் திருகி ஃபில்லரால் மை விடுகிற பேனா. என்னுடையவை வேறு ஜாதி. ஒன்றில் பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் இருக்கும். அதை நிமிர்த்தி மடக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் பை சுருங்கி விரிந்து மையை இழுத்துக்கொள்ளும். இன்னொன்றின் பின்பக்கத் துளையில் வாயை வைத்து ஊத வேண்டும். எனக்கு உயிரானது, வாணியம்பாடி முகமது பாய் தன் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தது. பின்பக்கத்தை இழுத்தால் நீளமான கம்பி வெளியே வரும். நிப்பை மையில் முக்கி, கம்பியை ஒரே அழுத்தாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது ஒன்றும் நடக்காது. கம்பி கடைசிவரை போனதும், உள்ளே உண்டான வெற்றிடத்தை நிரப்ப மை மடமடவென்று ஏறும்.

முதல்முறை அதைச் செய்து காட்டியபோது மாணிக்கம்மாள் கைகொட்டிச் சிரித்தாள். “இன்னாங்க இது, தாகமெடுத்த மாடு கணக்கா குடிக்குது” என்றாள். அதற்குப் பிறகு மை நிரப்பும்போதெல்லாம் அவளைக் கூப்பிடுவேன். அடுப்பில் எது இருந்தாலும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் பாதி மையைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட பேனாக்களைப் பிரித்துக் கழுவ முடியாது. பிரித்தால் உடையும். ஊசிக்குழலில் தண்ணீர் எடுத்துக் கழுத்து வழியாகச் செலுத்திச் செலுத்தி, வெளியே வருகிற தண்ணீர் நிறமற்றுப் போகும்வரை கழுவ வேண்டும். ஊசிக்கு எனக்குக் குறைவில்லை. மாணிக்கம்மாளுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டாக வேண்டும். தானே வயிற்றில் போட்டுக்கொள்வாள். போட்ட ஊசியை மூடி என் மேசை ஓரத்தில் வைப்பாள். “ஒடச்சி டப்பாவுல போடச் சொல்லிச்சி நர்சம்மா. உங்களுக்கு ஆவுமேன்னு எடுத்தாந்தேன்” என்பாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று நான் நினைக்கிறேன்.

போன வருடம் எங்கள் மகள் அருணாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. கணியம்பாடியில் இருக்கிறாள், வேலூரில் வேலை. மாப்பிள்ளை வெளிநாட்டில். பிரசவத்துக்குப் போன மாணிக்கம்மாள் திரும்பி வந்தாள், ஆனால் முழுதாக வரவில்லை. சாமைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே பேரனைப் பற்றிப் பேசுவாள். ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: “அருணா ஒண்டியா அல்லாடுது. நான் அங்கயே போய் இருந்துட்றேங்க. நீங்களும் வந்துடுங்க.”

அந்தத் தண்ணீர் எனக்கு ஒத்துவராது என்றேன்.

“அப்ப நீங்க இங்க இருங்க. நான் போறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போலச் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். ஆளில்லாத வீட்டில் மை நிரப்பி யாருக்குக் காட்டுவது? இருளில் விழித்துக்கொண்டால் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? பயமாக இருக்கிறது, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்கு வராது. பழகவில்லை.

அவள் கிளம்ப வேண்டிய வாரத்தில், கைவேலையில் ஊசி போட மறந்து தலைசுற்றிப் படுத்துவிட்டாள். பயணம் தள்ளிப்போனது. அன்று முழுவதும் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சாய்ந்திருந்தாள். நான் கழுவினேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. மறுநாள் ஊசி போட்டுக்கொண்டதும் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். மறுபடியும் பஸ் நேரத்தை விசாரித்தாள்.

மை கெட்டியாக இருந்தால் தண்ணீர் கலப்பது பேனா வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான். எழுத்து கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். பேனா நிற்காது. மனித உடம்பையும் நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். கொஞ்சம் வெளிறட்டும், நிற்க வேண்டாம்.

மூடியைத் திறக்காமல் ஊசியால் இன்சுலின் குப்பியில் மருந்தை எடுத்துத் தண்ணீரை நிரப்புவது எனக்குக் கைவந்த கலை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத்தான் கலந்தேன். கொல்ல நினைக்கிறவன் தண்ணீரைக் கொதிக்க வைப்பானா? இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவளுக்குச் சோர்வு வந்தது. தாகம் வந்தது. பகலெல்லாம் செம்பும் கையுமாக இருந்தாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். பயணத்தைப் பற்றிய பேச்சு தானாகக் குறைந்தது. நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கஞ்சி காய்ச்சினேன், கால் பிடித்துவிட்டேன், தலை வாரிவிட்டேன். அவள் நன்றாக இருந்த காலத்தில் இதில் ஒன்றையும் நான் செய்ததில்லை. “எந்தச் சாமி உங்களுக்குப் புத்தி குடுத்துச்சோ” என்று கேலி செய்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சரிதா அளவைக் கூட்டினார். நானும் அதற்குத் தகுந்தாற்போலத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டேன். மறுபடி போனபோது அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

“மருந்த ஏத்திக்கிட்டே போறேன், சுகர் இறங்கவே மாட்டேங்குதேம்மா. தேன் சாப்பிடுறீங்களா? பலாப்பழமா? மறைக்காம சொல்லுங்க.”

“சத்தியமா ஒண்ணும் துன்னல தாயி. சாமைக் கஞ்சிதான். அதுவும் அரை வயிறுதான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். “தேன் பாட்டில் கொஞ்சம் கொறையிற மாதிரிதான் கீது மேடம்” என்றேன்.

வீட்டுக்கு வருகிற வழியில், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கியபோது மாணிக்கம்மாள் கேட்டாள்: “ஏங்க, எனக்கே தெரியாம எட்த்துத் துன்றனா? தூக்கத்துல ஏதாச்சும் துன்றனா? நீங்க பாத்தீங்களா?”

வயசானால் ஞாபகம் பிசகும் என்று சமாதானம் சொன்னேன்.

அன்று சாயங்காலமே தேன் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கஞ்சியையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். தன் நாக்கின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனையிலும் எனக்கு வருத்தம் தந்தது அதுதான். அவள் தேன் திருடவில்லை. அதை நீங்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிறகு காலில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடித்தது, ஆறவில்லை. அருணாவிடம் அவளே போனில் சொல்லிவிட்டாள். அருணா என்னைக் கூப்பிட்டாள். “வெள்ளிக்கிழம கார் எட்த்துக்கினு வர்றேன் நைனா. அம்மாவ இட்டுக்கினு போய் வேலூர்ல காட்டப் போறேன். இனிமே அது எங்கூடத்தான் இருக்கும். நீ வர்றதுன்னா வா, வராட்டி உன் பேனாவக் கட்டிக்கினு அழு.”

பெற்ற மகள் பேசுகிற பேச்சா என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வியாழக்கிழமை காலையில் மாணிக்கம்மாளுக்குக் காய்ச்சல் அடித்தது. இரண்டு தடவை வாந்தி. வெளியே மழை. ஃபிரிட்ஜில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று நான் கலந்தது. இன்னொன்று அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கொடுத்தது, மூடி உடைக்காதது. எது எது என்று எனக்குத் தெரியும். புதியதைப் போட்டால் அவள் தேறுவாள் என்று தெரியும். தேறினால் வெள்ளிக்கிழமை காரில் ஏறுவாள் என்றும் தெரியும். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆட்டோக்காரர் மாடிவீட்டிலேயே குடியிருக்கிறார். மழை விடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய குப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

பேனாவின் ரப்பருக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் மை ஒளிந்திருக்கும். எத்தனை கழுவினாலும், தண்ணீர் எத்தனை தெளிவாக வந்தாலும், ஒரு சொட்டு எங்கேயோ இருக்கும். ஊசிக்குழலும் அப்படித்தான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. கடைசியாகக் கலந்தபோது கைக்கு அகப்பட்டது பேனா கழுவுகிற ஊசி. அருணா உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்த குப்பியில் நீங்கள் பார்த்தது அந்த மைதான்.

நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் மாணிக்கம்மாள் பார்த்தாள். மங்கின கண்ணோடு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இன்னாங்க, மருந்து நீலமா கீது?”

மழை இருட்டு, அப்படித்தான் தெரியும் என்றேன்.

அவள் குப்பியை இறக்கினாள். என் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் நீலம், எப்போதும் இருப்பதுதான். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் இல்லை. ஃபிரிட்ஜ் பக்கம் தலையைத் திருப்பி, மறுபடி என்னைப் பார்த்தாள். எழுந்து போய்ப் புதியதை எடுக்க அவள் காலில் தெம்பு இல்லை. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முன்பே சொன்னேனே, கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

குப்பியையும் ஊசியையும் என்னிடம் நீட்டினாள். “என் கை நடுங்குது. நீங்களே போட்டு வுடுங்க” என்றாள். ஒருநாளும் என்னைப் போட விட்டதில்லை, மேடம். சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். போட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

தலைக்கு ஒரு துணிப்பையை வைத்துப் படுத்திருந்தாள். அதில் பேரனுக்குத் தைத்த சட்டைகள் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, “அருணா வந்தா எழுப்பி வுடுங்க, தூங்கிடப் போறேன்” என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது, அழுகின பழ வாசனையோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து முகமது பாய் கொடுத்த பேனாவைக் கழுவினேன். மத்தியானம் மழை விட்டது. ஆட்டோ வாசலில்தான் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு நின்றது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும், மேடம். அருணாவும் அதைப் படிக்க வேண்டும். எல்லாம் தெரிந்தும் அவள்தான் என்னிடம் ஊசியைக் கொடுத்தாள். ஆகவே என்னை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.