ரெண்டு சுத்து

...க்ளட்ச்சை மெதுவா விடுங்க சார், அது எங்கயும் ஓடிப்போயிடாது. என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், நெத்தி. இந்த வீக்கம் வண்டியில இடிச்சது இல்ல, பயப்படாதீங்க. இருபது வருஷமா டிரைவிங் சொல்லித் தர்றேன், ஒரு கீறல் கிடையாது. இது விளையாட்டுச் சாமான் அடிச்சது. நாப்பத்தாறு வயசுல.

கெண்டாமான்னு பேரு. என்னைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க, நானே சொல்றேன். ஒரு மரக் கைப்பிடி, உச்சியில கூர்முனை. நூல்ல ஒரு பந்து, அதுல ஓட்டை. பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, கீழ தொங்குற கைப்பிடியைச் சுண்டி இழுத்தா, அது மேல வந்து குட்டிக்கரணம் போட்டு ஓட்டையில சொருகணும். ஒரு சுத்து எனக்கு வந்துடும். ரெண்டு சுத்துதான்... செகண்ட் கியர் சார். செகண்ட். அது நாலு.

என் தங்கச்சிதான் வாங்கிக் குடுத்தா. அவகிட்டயும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே நாள்தான் ஆரம்பிச்சோம். அவ மூணு சுத்து போயிட்டா. தெனம் காலையில வீடியோ அனுப்புவா, "அக்கா, பலமா இழுக்காத, மணிக்கட்டை மட்டும் உன் பக்கமா லேசா வெட்டு, முட்டியை மடக்கு"ன்னு. நான் கேப்பேனா? ஊருக்கே சொல்லித் தர்ற ஆளாச்சே நான். பலமா இழுத்தேன். டங்குனு நெத்தியில. மறுநாளும் டங்கு.

அந்த மருந்துக்கடைகிட்ட இடது பக்கம். டெஸ்ட் மைதானம் வலது பக்கம்தான்னு எனக்கும் தெரியும், நீங்க திருப்புங்க.

நூல் முறுக்கிக்குதுன்னேன். பந்து எடை சரியில்லன்னேன். கடைசியில அவ மாமியார், நாத்தனார் எல்லாம் உக்காந்திருக்கும்போது, "நல்லதை நீ வச்சுக்கிட்டு மட்டமானதை எனக்குத் தள்ளிட்டே, சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான்"ன்னுட்டேன். அவ நேரா உள்ள போயி தன்னோடதை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சுட்டு, என்னோடதை எடுத்துக்கிட்டா. அதுலயே மூணு சுத்து போட்டுக் காட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதோட பேச்சு நின்னுது. மூணு வாரம்.

அவளோடதுலயும் எனக்கு டங்குதான்.

இன்னொரு இடது. இண்டிகேட்டர்... பரவால்ல, போங்க.

எங்க வீட்டுக்காரர் போன ஞாயித்துக்கெழமை ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்தாரு. பாத்தா... கைப்பிடி அழகா மேல வருது, ஒரு சுத்து, ரெண்டாவது சுத்து ஆரம்பிக்குது, நான் கண்ணை இறுக மூடிக்கிறேன் சார். ஒவ்வொரு தடவையும். எதிர்ல லாரி வந்தா கண்ணை மூடாதீங்கன்னு எத்தனை பேர் மண்டையில கொட்டியிருப்பேன்.

இன்னிக்குக் காலையில கண்ணைத் தொறந்து வச்சேன். அவ சொன்ன மாதிரியே முட்டியை மடக்கி, லேசா ஒரு வெட்டு. ரெண்டு சுத்து. டக்குனு சொருகிடுச்சு. ஓன்னு கத்திட்டு நேரா போனை எடுத்து அவ நம்பரைத்தான் அமுக்கினேன். ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். என்னன்னு சொல்றது? தப்பு பந்து மேல இல்ல, என் மேலன்னா?

ஓரமா நிறுத்துங்க. அந்தப் பச்சை கேட்டுக்கு முன்னாடி. ஆமா, அவ வீடுதான். சும்மா... ரெண்டு நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பிடலாம். மாடியில துணி காயுது, வீட்லதான் இருக்கா.

நியூட்ரல் போட்டீங்களா? ஹேண்ட்பிரேக்கும் போட்டாச்சு. அதை மட்டும் ஒழுங்கா கத்துக்கிட்டீங்க. எங்க எறங்குறீங்க சார்? கிளாஸ் இன்னும் முடியல. சார், அந்தப் பெல்லை அமுக்காதீங்க, நான் என்ன பேசறதுன்னே இன்னும்...

அமுக்கிட்டாரு.