பன்னிரண்டு பிக்சல் சிவப்பு

படத்தில் ஓர் ஆளைச் சுற்றிப் போடும் ஓரக்கோட்டை எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் போட வேண்டும், ஐயா. உள்பக்கமாகப் போட்டால் கோடு முகத்தைத் தின்றுவிடும். இந்த ஊரில் கணினியில் படம் திருத்தும் கடைகள் நான்கு. இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கல்யாணப் பெண்ணின் காதை வெட்டிவிட்டு, அதற்கும் நன்றி வாங்கிக்கொள்கிறார்கள்.

நிக்கானோர் என் கடைக்கு எதிரே, சந்தை வாசலில் பழச்சாறு விற்றவர். அவர் கடைப் பலகைக்கு மாம்பழம் போட்டுக் கொடுத்தது நான்தான். தேர்வு செய்த இடத்தில் மஞ்சளை நிரப்பியபோது நிறம் சற்றே காம்புக்கும் வழிந்துவிட்டது. யார் கண்ணுக்கும் படாது. அவர் பலகையைத் தூக்கிச் சந்தைக்கே காட்டினார்.

"பாருங்கடி, எவரிஸ்தோ என் மாம்பழத்துக்கு மஞ்சக்காமாலை வர வெச்சுட்டான்."

உருளைக்கிழங்கு விற்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் காமாலை. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள் ஆகிறது.

சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் எரிவாயு சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வியாபாரிகள் சங்கத் தலைவி கசில்தா அம்மாள், மரியாதைக்கு எல்லோரும் தோன்யா என்போம், காமிராவில் பதிந்த படம் ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுவந்தார். விடியற்காலை மூடுபனியில் ஐந்து உருவங்கள்.

"எனக்கு ஒரு எழவும் தெரியல, தம்பி. களவாணிய மட்டும் பளிச்சுனு காட்டிக் குடு. சந்தை பூரா ஒட்டணும்."

"சாயங்காலம் வாங்க, தோன்யா."

பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிண்டரைச் சுமந்தவன் இடது ஓரத்தில் இருந்தான். எனக்குத் தெரியாத ஆள். அவனைத் தேர்வு செய்து, சுவரின் நிறத்தை நிரப்பினேன். ஆள் மறைந்தான். நடுவில் ஆரஞ்சு மூட்டையோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவரின் மூட்டைக்குச் சாம்பல் நிறம் நிரப்பினேன். சிலிண்டர் ஆயிற்று. முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு, பன்னிரண்டு பிக்சல்.

"அடப்பாவி, நம்ம நிக்கானோரா" என்றார் கசில்தா. தினமும் அவர் கையால் சாறு வாங்கிக் குடித்தவர். ஒரு கேள்வி கேட்கவில்லை. சிவப்பு வளையம் போட்டுக் கொடுத்தால் இந்த ஜனங்கள் பாதிரியாரையும் கட்டிவைப்பார்கள்.

பிடிபட்டவனை இங்கே என்ன செய்வார்கள் என்று தெரியாதா என்கிறீர்கள். சந்தை வாசல் கம்பத்தில் துணிப் பொம்மை ஒன்று தூக்கில் தொங்குகிறதே, அதன் கீழே 'திருடனை எரிப்போம்' என்று பலகை. அதுவும் என் கைவேலைதான். எழுத்துகளுக்கு வெள்ளை ஓரக்கோடு. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மறுநாள் நடுப்பகலில் நிக்கானோரைத் துரத்தினார்கள். அவர் நேரே என் கடைக்கு ஓடிவந்தார். சத்தம் கேட்டு நான் முன்பே கதவைச் சாத்தியிருந்தேன்.

"எவரிஸ்தோ, கதவத் தொறப்பா. நீதான படம் போட்டே. அது மூட்டைன்னு ஒரு வார்த்த சொல்லு, விட்ருவாங்க. ஐயா, ராசா, தொறப்பா."

காமாலை என்று கூப்பிடவில்லை. மூன்று நிமிடம் தட்டியிருப்பார். பிறகு பெட்ரோல் வாடை வந்தது.

திறந்திருந்தால் பிழைத்திருப்பார், உண்மைதான். ஆனால் மானஸ்தர், ஐயா. அந்தக் கோலத்தில் நான் பார்த்துவிட்டால் அவருக்குத்தான் அவமானமாக இருக்கும் என்று நினைத்தே திறக்கவில்லை.