சமாதானமான மத்தியானம்

— அப்போ நேத்து மத்தியானம் நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லியா, சுலைமான்?

— பட்டறையில லேத் மிஷின நிறுத்துனது ஞாபகம் கீது. அப்பால கண்ணத் தொறந்தா ஆஸ்பத்திரி. கட்டில் பக்கத்துல நீ. எட்டு வருஷமா என்னோட பேசாத கிருபாகரன்.

— பூந்தமல்லி மெட்ரோ தூண் பக்கத்துல வண்டி சறுக்கி உயுந்துட்ட மாமே. நான் அங்கதான் கான்கிரீட் வேல பாக்குறேன். நான்தான் தூக்கியாந்தேன். பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டரம்மா சொல்லிச்சு.

— உயுந்ததுகூட ஞாபகம் வரலியே.

— வராதாம். புதுசா ஒண்ணு நடந்தா மூளையில செல்லுங்க ஒண்ண ஒண்ணு லேசாத்தான் புட்ச்சிக்குமாம். அப்பால அதுவே புரோட்டீன் செஞ்சி அந்தப் பிடிய கெட்டியாக்கும். அதுக்கு நேரம் வோணும், தூக்கம் வோணும். நம்ம கான்கிரீட் மாதிரிதான். செட் ஆவறதுக்குள்ள அடி பட்டா போச்சு.

— பழசு?

— அது எப்பவோ செட் ஆயிடுச்சே. அசையாது.

— ஆமா, அசையல. என் நிக்காஹ்வுக்கு வந்துட்டு பிரியாணி சாப்புடாம எயுந்து போனியே. நீலக் கட்டம் போட்ட சட்ட. அப்டியே கண்ணுல நிக்குது.

— அய்ய, அத்ததான் நேத்து பேசித் தீத்துட்டோம் மாமே.

— நாமளா? எப்போ?

— நீ உயுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. டீக்கடையில. டீ குட்ச்சிகினே சமாதானம் ஆயிட்டோம். உனக்கு அது செட் ஆவல, அவ்ளோதான்.

— சர்தான். யாரு மொதல்ல பேசுனது?

— நீதான்.

— நானா?

— சரி, நான்தான்.

— இன்னா சொன்ன?

— அது இப்போ எதுக்கு?

— எனக்குத்தான் ஞாபகம் இல்லியே. இன்னொரு தபா சொல்லு.

— உன் கல்யாணத்துல யாரும் என்ன வந்து சாப்புடுன்னு கூப்புடல. ரோஷம் வந்துடுச்சு. மாப்ளயா குந்திகினு இருந்தவன் நீ இன்னா பண்ணுவ? அது புரியவே எனக்கு ரொம்ப நாளாச்சு. அப்பால பேச வெக்கம். உன் பட்டற வாசல்ல எத்தினி தபா வண்டிய ஸ்லோ பண்ணி, நிக்காம போயிகீறேன் தெர்மா? தப்பு என்னுதுதான் மாமே. மன்சுல வெச்சிக்காத. இதான் சொன்னேன்.

— நான் இன்னா சொன்னேன்?

— நீ என் கையப் புட்ச்சிகின.

— இப்டியா?

— ஆமா. இப்டித்தான்.

— நல்லாத்தான் கீது. நான் கொஞ்சம் தூங்குறேன், இதாவது செட் ஆவட்டும். எயுந்தப்புறம், பொயுது சாஞ்சதும் டீ வாங்கியா. நாம இன்னும் ஒண்ணா குடிக்கல கிருபா, நேத்து எனக்கு ரம்ஜான் நோன்பு.